பெரம்பூர் சந்தில் பாய் கடையும் ரஷ்ய ஜார்களும்

பெரம்பூர் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. சந்துக்குள் பெயர்ப் பலகை இல்லாத பழைய புத்தகக் கடை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறோம். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு வருடமாக வாரம் ஒரு தடவையாவது அங்கே போய்விடுவேன்.

போன மாதம் ஜார் மன்னர்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். யூனியன் கூட்டங்களில் ஜார் ஆட்சி, ஜார் ஆட்சி என்று முப்பது வருடம் காதில் விழுந்திருக்கிறது. அந்த ஆட்சியில் ஒரு சாதாரண ஆள் எப்படிப் பிழைத்தான் என்று மட்டும் தெரியாது. பாய் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அதன் மேல் ஒரு ஆங்கிலப் புத்தகத்தையும் வைத்தார். "ஒண்ணை மட்டும் படிச்சா ஒரு பக்கம்தான் தெரியும் சார். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க." இரண்டும் சேர்த்து 180 ரூபாய்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று 1861ஆம் வருடத்துக்கு வந்தபோது புரிந்தது. ஆங்கிலப் புத்தகம் அப்போதைய ஜார் இரண்டாம் அலெக்சாண்டரை விடுதலை தந்தவர் என்று கொண்டாடுகிறது. மாஸ்கோ புத்தகம் திட்டித் தீர்க்கிறது. பண்ணையாரின் சொத்தாகக் கிடந்த இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அடிமைகள் ஒரே சட்டத்தில் விடுபட்டார்கள். பெரிய காரியம்தான். ஆனால் அவர்கள் காலங்காலமாக உழுத நிலத்துக்கே 49 வருடத் தவணை! தாத்தா தொடங்கிய தவணையைப் பேரன் கட்டினான். 1905இல் நாடே கொந்தளித்த பிறகுதான் மிச்சத்தை ரத்து செய்ய முடிவெடுத்தார்கள். பண்ணையார் வீட்டுக்குள் வேலை செய்த அடிமைகளுக்கோ நிலமே கிடைக்கவில்லை.

பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு காலத்தில் 25 வருடம். பையனை அனுப்பும்போதே வீட்டில் ஒப்பாரி வைத்து அழுதிருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாதது 1896தான். இரண்டாம் நிக்கோலாஸ் முடிசூடியதற்காக மாஸ்கோவின் கோடின்கா மைதானத்தில் ஜனங்களுக்கு ஒரு எனாமல் குவளையும் கொஞ்சம் தின்பண்டமும் தருவதாக அறிவித்திருந்தார்கள். விடிவதற்குள் லட்சக்கணக்கில் கூடிவிட்டார்கள். பொருள் தீர்ந்துவிடும் என்று பேச்சு கிளம்ப, பள்ளமும் குழியுமான மைதானத்தில் முண்டியடித்து 1,300 பேருக்கு மேல் மிதிபட்டுச் செத்தார்கள். அன்று இரவு பிரெஞ்சுத் தூதர் கொடுத்த நடன விருந்துக்கு ஜார் போனார். 2005இல் எம்.ஜி.ஆர் நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்கு நின்று 42 பேர் செத்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தை அதற்கு மேல் படிக்க முடியாமல் மூடி வைத்துவிட்டேன்.

அடுத்த வருடமே நாடு முழுக்க ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். தொழில் என்ன என்ற இடத்தில் ஜார் எழுதியது: ரஷ்ய மண்ணின் எஜமான்.

கடையில் குறையும் உண்டு. மாஸ்கோ புத்தகத்தில் ஒரு ஃபாரம், அதாவது 16 பக்கம், காணோம். அதுவும் 1905 ஜனவரியில் மனு கொடுக்க ஊர்வலமாகப் போனவர்களைச் சுட்ட இடத்தில். வாங்கும்போது பாயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ராமபாணப் பூச்சி வேறு ஓரமெல்லாம் அரித்திருக்கிறது. திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வார்த்தை பேசாமல் 50 ரூபாயைக் கையில் வைத்தார், புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் போனால் பக்கங்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்து ஒன்பது வரை இருப்பார். மழை நாளில் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார். ஜிபே உண்டு. படித்துவிட்டு நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை தருகிறார்.

சைபீரிய ரயில் பாதையைப் பற்றித் தனிப் புத்தகம் கேட்டிருக்கிறேன். 1891இல் விளாடிவஸ்தோக்கில் அந்த வேலையைத் தொடங்கி வைக்க, அப்போது இளவரசராக இருந்த அதே நிக்கோலாஸ் முதல் வண்டி மண்ணைத் தள்ளினாராம். ரயில் பெட்டி செய்து பிழைத்தவனுக்கு அதைப் படிக்காமல் எப்படி? பாய் நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார்.