கங்குடி ஆற்றங்கரையில் கூடாரம்: மழையைவிடப் பனிதான் சோதனை

சிட்னிக்காரர்கள் கூடாரத்தை எடுத்தால் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம்தான் போவார்கள். நாங்கள் பல வருடங்களாக எதிர்த்திசையில், நீலமலைகளைத் தாண்டி, வொலெமை தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்பில் இருக்கும் கங்குடிக்குப் போய் வருகிறோம். வரைபடத்தில் டன்ஸ் சுவாம்ப் என்றும் போட்டிருக்கும். காண்டோஸ் சிமென்ட் ஆலைக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக 1920-களின் இறுதியில் கட்கெகாங் ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். அதனால் ஆறு இங்கே ஓட்டம் குறைந்து, பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து தேங்கி நிற்கிறது. ரைல்ஸ்டோன் ஊருக்கு அப்பால் கொஞ்ச தூரம் மண் சாலை. மழை இல்லாத நாளில் சாதாரணக் காரே போய்விடும்.

இடம் அழகு என்று எல்லோரும் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் இந்த அழகில் பாதி, இரவில் நம் தலைமேல் சொட்டும்.

ஆற்றங்கரை என்பது பள்ளம். சூரியன் இறங்கியதும் குளிர்ந்த காற்று சரிவு வழியாக வழிந்து நீர்மட்டத்துக்கு வந்து படுத்துக்கொள்கிறது. போதாததற்குக் கூடாரத்துக்குள் நான்கு பேர் விடிய விடிய மூச்சுவிட்டால், அந்த ஈரம் மட்டுமே ஒரு லிட்டரை நெருங்கும். அத்தனையும் மேல்விரிப்பின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிகிறது. யாராவது புரண்டு படுத்துக் கூடாரத்தை இடித்தால் சின்னதாக ஒரு தூறல். ஏப்ரல் விடுமுறையில்கூட இப்படித்தான். இங்கே குளிர்காலமான ஜூலையில் அதே துளிகள் உறைந்து, விடிகாலையில் விரிப்பை உதறும்போது ஐஸ் துகளாக உதிர்கின்றன.

இதற்கு நாங்கள் கண்ட வழி, தண்ணீரை ஒட்டிய இடத்துக்கு ஆசைப்படாமல் சில மீட்டர் மேடேறிப் போடுவது. அந்தச் சிறு ஏற்றத்திலேயே குளிரும் ஈரமும் குறைவது தெரிகிறது. இன்னொன்று, குளிர்கிறதே என்று காற்றுவழிகளை அடைக்காமல் இருப்பது. அடைத்தால் வெப்பம் கொஞ்சமும் ஈரம் நிறையவும் தங்கும். இரு பக்கமும் திறந்துவைத்துவிட்டு, ஸ்லீப்பிங் பேக்கைத் தடிப்பானதாக வாங்குவதே மேல். மரத்தடியில் பனி குறைவாக இறங்கும் என்பதும் சரிதான். ஆனால் பெரிய யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடக்கூடியவை. குட்டை மரங்களின் ஓரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நனைவதே நல்லது.

தரை பெரும்பாலும் மணல் கலந்த மண். கூடாரத்தோடு வரும் ஊசி போன்ற முளைகள் இதில் நிற்பதில்லை. அகன்ற, நீளமான முளைகளைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். விலை அதிகமில்லை.

வசதிகள் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத கழிப்பறை உண்டு, குடிநீர் இல்லை, குப்பையை நாமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். இடத்துக்கு இணையத்தில் முன்பதிவு. பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது. தீத்தடை நாட்களில் நெருப்பே கூடாது. நாயைக் கூட்டிப்போக முடியாது. பகலில் கரவாங் பறவைகளும் இரவில் மரத்தில் வாழும் பொசம் என்ற விலங்குகளும் சாப்பாட்டுப் பையைத் தேடி வரும். முதல் நாளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்விட்டால் அடுப்பு மூட்டும் வேலை மிச்சம். ஆனால் பாத்திரத்தைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கயாக் இருந்தால் விடியற்காலையில் இறங்கிவிடுங்கள். நீர்ப்பரப்பு அசைவற்றிருக்கும் நேரத்தில் வாத்து போன்ற அலகுடைய பிளாட்டிபஸ் என்ற விலங்கு மேலே வந்து மூச்சு வாங்கிப் போவதைப் பார்க்கலாம். வளையங்களாக விரியும் அலை ஒன்று, நடுவே பழுப்பாக ஒரு முதுகு, அவ்வளவுதான். கரையில் அடுக்கடுக்காக நிற்கும் மணற்பாறைகளைப் பகோடா (புத்தக் கோயிலின் அடுக்குக் கோபுரம்) என்கிறார்கள். மென்மையான மணற்கல் கரைந்துபோக, நடுவில் ஓடும் இரும்புக்கல் பட்டைகள் மட்டும் விளிம்பு விளிம்பாகத் துருத்திக்கொண்டு நிற்பதால் வந்த வடிவம். கிளம்பும் பாதி ஆசை எனக்கு இவற்றுக்காகத்தான்.

இனி எங்கள் பழைய கூடாரத்தின் நிலை. கம்பிகளும் தரைத்துணியும் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. ஜிப் ஒருமுறை மாற்றியாயிற்று. கெட்டது மேல்விரிப்பின் உட்பூச்சுதான். இந்த பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு மடித்துக் கிடந்தால் நாளடைவில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். புளித்த வாடையும் வரும். இங்கே பனி காய்வதற்குக் காலை பத்து மணியாவது ஆகிவிடுகிறது, இடத்தையோ அதற்குள் காலி செய்தாக வேண்டும் என்ற அவசரம். ஈரமாகவே சுருட்டிக் கொண்டுவந்து, அன்று மாலையே துணிக்கொடியில் விரித்துக் காயவைத்ததால்தான் எங்களுடையது இத்தனை வருடம் தாங்கியது.

மேல்விரிப்பை மட்டும் தனியாக விற்பார்களா என்று வாங்கிய கடையில் கேட்டேன். மாட்டார்களாம், முழுக் கூடாரமாகத்தான் வாங்க வேண்டுமாம். அப்படியானால் அடுத்தது பருத்திக் கான்வாஸ் என்பது என் முடிவு. அது ஈரத்தை வெளியே விடும், பூச்சு உரியும் தொல்லையும் இல்லை. எடைதான் பயங்கரம். காரிலிருந்து இறக்கி மேட்டுக்குக் கொண்டுபோவது முழுக்க என் பொறுப்பு என்றால் சம்மதம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.