மென்திசுக் கட்டிக்கு முதலில் எது: பெட் ஸ்கேனா, எம்ஆர்ஐயும் பயாப்ஸியுமா?

அக்காவுக்குத் தொடையில், தசைக்குள் ஆழமாக ஒரு கட்டி. சாதாரணக் கட்டியா, புற்றுநோயா என்று தெரிந்தாக வேண்டும். "பேசாமல் பெட் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், எல்லாம் தெரிந்துவிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்கள் எம்ஆர்ஐ, பிறகு ஊசி பயாப்ஸி (ஊசியால் கட்டியில் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது) என்று போனோம். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எம்ஆர்ஐ பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கதிர்வீச்சு கிடையாது. கட்டி எந்தத் தசையில் இருக்கிறது, நரம்பையோ ரத்தக் குழாயையோ ஒட்டியிருக்கிறதா என்று காட்டிவிடும். வெறும் கொழுப்புக் கட்டி என்றால் பெரும்பாலும் படத்திலேயே தெரியும். 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ ஆழத்தில் இருந்தாலோ டாக்டர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பெட் ஸ்கேன் விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், அது புற்றுநோயைப் பார்ப்பதில்லை, சர்க்கரை எங்கே அதிகம் செலவாகிறது என்பதைத்தான் பார்க்கிறது. பல மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லி, கதிரியக்க ஃப்ளூரின்-18 சேர்த்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, சுமார் 1 மணி நேரம் அசையாமல் ஓய்வெடுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். கட்டி எவ்வளவு உறிஞ்சியது என்பதை எஸ்யூவி என்ற எண்ணாகத் தருவார்கள். சார்கோமா என்பது தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்; வேகமாக வளரும் ஹை கிரேடு சார்கோமாக்களில் அந்த எண் பொதுவாக அதிகம், அது உண்மை. ஆனால் ஷ்வானோமா என்ற நரம்புறைக் கட்டி புற்றுநோயே இல்லை, அதுவும் பளிச்சென்று ஒளிரும். மூட்டுச் சவ்வில் வரும் ஜெயன்ட் செல் கட்டியும் அப்படித்தான், சீழ் கட்டினாலும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: மிக்ஸாய்டு லைப்போசார்கோமா போன்ற சில நிஜப் புற்றுநோய்கள் மங்கலாகவே தெரியும். இந்த எண்ணுக்கு மேல் கெட்டது, கீழே நல்லது என்று கோடு கிழிக்க முடியாது. எண் அதிகமென்றால் பயாப்ஸி செய்யத்தான் வேண்டும், குறைவென்றாலும் கட்டியைச் சும்மா விட முடியாது, அதற்கும் பயாப்ஸிதான். எப்படியும் அங்கேதான் போய் நிற்கப் போகிறோம் என்றால் நடுவில் இது எதற்கு?

அக்காவுக்கு வந்தது ஷ்வானோமாதான். முதலில் பெட் எடுத்து, அது ஒளிர்ந்திருந்தால் வீடே கலங்கியிருக்கும்.

பயாப்ஸியில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, படக்கென்று சத்தம் வரும் ஒரு ஊசியால் நூல் மாதிரித் துண்டுகளை எடுத்து ஃபார்மலின் புட்டியில் போட்டார்கள். அதற்கு முன்னால் டாக்டர் தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒருவேளை சார்கோமா என்று வந்தால் ஆபரேஷனில் வெட்டும் அதே பாதையில் ஊசியும் போக வேண்டுமாம், அப்போதுதான் அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க முடியும். எம்ஆர்ஐயை முதலிலேயே முடித்துவிடுங்கள், ஊசி போட்ட பிறகு உள்ளே ரத்தம் கசிந்து படத்தைக் குழப்பும்.

பெட் வீண் என்று சொல்லவில்லை. சார்கோமா என்று உறுதியான பிறகு வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று தேட, பெரிய கட்டியில் எந்த இடத்தில் ஊசி குத்தினால் சரியான துண்டு கிடைக்கும் என்று பார்க்க அது உதவும். நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ளவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் கட்டிகளில் ஏதாவது ஒன்று புற்றுநோயாக மாறுகிறதா என்று கண்காணிக்கவும் பயன்படுத்துகிறார்கள். இவையெல்லாம் நான் படித்தும் கேட்டும் அறிந்தவை, எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

ஏற்கெனவே பெட் எடுத்து எண் குறைவாக வந்திருக்கிறதா? அதை வைத்து பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். "சின்னதுதானே, வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஆழத்தில் இருக்கும் கட்டி என்றால் பயாப்ஸி ரிசல்ட் வராமல் சம்மதிக்காதீர்கள்.