4.4 மில்லிமீற்றரா, 3.5 மில்லிமீற்றரா? கையடக்க பிளேயர்களின் இரு வெளியீடுகள்

கொழும்பின் பம்பலப்பிட்டிக் கடைகளில் கையடக்க மியூசிக் பிளேயரோ, தொலைபேசியில் செருகி ஹெட்போனை இணைக்கும் யூஎஸ்பி டொங்கிளோ தேடுபவர், 3.5 மி.மீ. சிங்கிள் எண்டட் துளையுடன் 4.4 மி.மீ. பலன்ஸ்ட் துளையும் கொண்ட கருவிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. காதில் எதை மாட்டப் போகிறார் என்பதே இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து.

சிங்கிள் எண்டட் முறையில் இடது, வலது ஒலிகள் தனித்தனியே வெளியேறினாலும், திரும்பி வரும் மின்னோட்டம் இரண்டுக்கும் பொதுவான ஒரே தொடுகையின் வழியே செல்கிறது. பலன்ஸ்ட் முறையிலோ ஒவ்வொரு பக்கத்தையும் எதிரெதிராக இயங்கும் இரண்டு அம்பிளிபயர்கள் இயக்குவதால், கிடைக்கும் வோல்ற்றளவு இரட்டிப்பாகிறது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு 2 வோல்ற் கொடுத்தால் ஏறத்தாழ 13 மில்லிவாற் வலு கிடைக்கும். 4 வோல்ற்றில் அது 53 ஆகிறது. தணிந்த ஒலியளவில் பதிவான நாதஸ்வரக் கச்சேரியில் தவில் திடீரென ஓங்கி எழும் இடங்களில் இந்த மேலதிக வலு உண்மையாகவே பயன்படும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் புகையிரதத்தில் போகும்போது மாட்டும் 16 ஓம் இயர்போனின் கதை வேறு. ஒரு மில்லிவாற்றுக்கு 110 டெசிபல் தரும் இயர்போன், 0.04 வோல்ற்றிலேயே 100 டெசிபலை எட்டிவிடும். அதற்கு 4 வோல்ற் எதற்கு?

கடையில் இரண்டையும் மாற்றிக் கேட்கும்போது பலன்ஸ்ட் துளை தெளிவாகவும் அகலமாகவும் ஒலிப்பதாகத் தோன்றுவதற்கு முதற் காரணம், அது 6 டெசிபல் வரை உரத்து ஒலிப்பதே. ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீட்டை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது.

இடது ஒலி வலதில் கசிவது பலன்ஸ்டில் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பொதுத் தொடுகையில் 0.1 ஓம் தடை இருந்தாலும், 32 ஓம் ஹெட்போனில் அக்கசிவு மூல ஒலியை விட ஏறத்தாழ 50 டெசிபல் தாழ்ந்தே நிற்கும். இசையினூடே அதைப் பிரித்தறிவது மிகக் கடினம். கொழும்பின் உப்புக் கடற்காற்றில் செருகியின் உலோகம் மங்கினால் தடை கூடலாம் என்பதால், அதை அவ்வப்போது துடைத்து வைப்பது நல்லது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நீண்ட கேபிள்கள் வாங்கும் இரைச்சலைப் பலன்ஸ்ட் முறை நீக்குகிறது என்ற காரணம் இங்கு பொருந்தாது. ஹெட்போன் கேபிள் குட்டையானது, அதன் மறுமுனையில் அந்த இரைச்சலைக் கழிக்கும் சுற்றும் இல்லை.

பலன்ஸ்டில் வெளியீட்டு இம்பீடன்ஸும், அதாவது அம்பிளிபயரின் சொந்த மின்தடையும், இரட்டிப்பாவதால், ஒலியெழுப்பும் பல ட்ரைவர்கள் கொண்ட, நுண்ணுணர்வு மிக்க இயர்போன்களின் ஒலிச் சமநிலை சற்று மாறக்கூடும். பற்றரியும் பொதுவாக விரைவில் தீரும்.

வாங்கியபின் ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். 3.5 செருகியை 4.4 துளையில் பொருத்தும் சாதாரண அடப்டர், இரு பக்கங்களின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்து அம்பிளிபயர்களைக் குறுஞ்சுற்றாக்கிக் கருவியைப் பழுதாக்கலாம். 4.4 செருகியை 3.5 துளையில் பொருத்தும் அடப்டரால் தீங்கில்லை. எனவே புதிய கேபிள் வாங்குபவர் 4.4 செருகியுடன் வாங்கினால் இரு வகைக் கருவிகளிலும் அதைப் பயன்படுத்தலாம்.