கிளிநொச்சியில் இரட்டைச் சக்கரத்துக்கு நீள வால்வு பூட்டும் கடை

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள லொறியோ பஸ்ஸோ வைத்திருப்பவர்களிடம் உள் டயரின் காற்றளவைக் கேட்டுப் பாருங்கள். அதன் வால்வு கைக்கு எட்டாததால், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், ஓசை சரியாக இருந்தது என்பார்கள். தட்டினால் தெரிவது டயர் அடியோடு இறங்கிவிட்டதா என்பது மட்டும்தான். 80 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 60 இருந்தாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. அந்தக் குறைவுக்குரிய சுமையை வெளி டயர் சேர்த்துத் தூக்கும். ஏ32 வீதியின் மதிய வெயிலில், ஆட்கள் நிறைந்த பஸ்ஸில், அது எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் ரோசா பஸ் ஓட்டுகிறேன். மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் யாத்திரைக்காரர்களை ஏற்றிப் போவதே முக்கிய தொழில். முன்பு உள் டயருக்கு ஒரு கடையில் ரப்பர் நீட்டுக்குழாய் பூட்டித் தந்தார்கள். வாங்கும்போது வசதியாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் குழாய் வால்வின் ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும். கிரவல் வீதியின் அதிர்வில் மூட்டு சற்றுத் தளர்ந்தால் போதும், டயரின் காற்று முழுவதும் அந்த வழியாகவே போய்விடும். என் பஸ்ஸுக்கு அதுதான் நடந்தது. அப்படிப்பட்ட பொருளை யாரும் வாங்க வேண்டாம்.

கரடிப்போக்குச் சந்தியைத் தாண்டிப் பரந்தன் பக்கமாக உள்ள டயர் கடையில் இப்போது நீளமான உலோக வால்வுகள் பூட்டியிருக்கிறேன். வேலை செய்த ஐயா முதலில் பழைய வால்வின் அடியை வளைத்து வெடிப்பைக் காட்டினார். “தம்பி, இது காருக்குப் போடுகிற ரப்பர் வால்வு. 65 பிஎஸ்ஐக்கு மேல் இதை நம்பக்கூடாது” என்றார். பிறகு பின்பக்க நான்கு சக்கரங்களையும் கழற்றினார். ரோசாவின் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும் என்பதை அறியாமல் போல்டை முறிப்பவர்கள் இருக்கிறார்கள். இவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டயரை றிம்மிலிருந்து விலக்கி, வால்வுத் துளையைச் சுற்றியிருந்த துருவைத் தேய்த்துத் துடைத்த பிறகே புதிய வால்வின் ரப்பர் வளையத்தை வைத்தார். அந்த இடத்தில் துரு இருந்தால் எவ்வளவு நல்ல வால்வும் கசியும். உள் சக்கரத்தின் வால்வு நேராக நீண்டு, வெளிச் சக்கரத்தின் தட்டில் உள்ள கைத்துளை வழியே தலைகாட்டுகிறது. வெளிச் சக்கரத்தின் வால்வு வளைந்து திரும்பி வெளியே பார்க்கிறது. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி சக்கரங்களைத் திருப்பி வைத்துப் பூட்டினார். காற்றடித்ததும் சவர்க்கார நீர் தடவி, குமிழ் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தப் பொறுமைக்காகவே அந்தக் கடையை மெச்சுகிறேன்.

இப்போது முறிகண்டியில் நிறுத்தி, ஆட்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரத்துக்குள் நான்கு டயர்களையும் அளந்துவிடுகிறேன். ஓடிவந்த டயர் சற்றுக் கூட்டிக் காட்டும். ஆகவே அங்கே உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பேன். 5 பிஎஸ்ஐக்கு மேல் போனால் எங்கோ கசிவு இருக்கிறது. சரியான அளவைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. காற்றடிக்கும் குழாயில் உள்ள அளவுமானி என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. உங்களுடையதைக் கொண்டு போங்கள். இந்த வேலை தெரிந்தவர் அந்த ஐயா ஒருவர்தான், அவர் இல்லாத நாளில் மற்றவர்கள் கைவைக்க மாட்டார்கள். ஒருவகையில் அதுவும் நல்லதுதான். சரியான நீளத்தில் வால்வு கையிருப்பில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். செலவு, கூலியோடு சேர்த்தும், ஒரு புதிய டயரின் விலையை எட்டவில்லை.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு முந்திய கிழமைகளில் அங்கே பஸ்கள் வரிசையில் நிற்கும், அதற்கு முன்பே போய்விடுங்கள். வேலை முடிந்து 100 கிலோமீட்டருக்குள் திரும்பிப் போனால் நட்டுகளை மறுபடி இறுக்கித் தருகிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.