பொசாதாவின் எலும்புக்கூடுகள்: படம் உண்டு, பாட்டு இல்லை

மெக்சிகோவின் செதுக்கோவியர் ஹோசே குவாதலூப்பே பொசாதாவின் (1852–1913) ‘கலவேரா’ எனப்படும் எலும்புக்கூட்டு நையாண்டிப் படங்களைத் தனித்தனித் தாள்களில் அச்சிட்டு, உறையிலிட்டு விற்கும் மறுபதிப்புத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். அச்சின் தரத்தில் குறையில்லை. 1903-இல் வெளிவந்த வஹாக்கா எலும்புக்கூடு, கத்தியை ஓங்கிக்கொண்டு மண்டையோடுகளுக்கு நடுவே பாய்ந்து வரும் காட்சியில், விலா எலும்புகளின் மெல்லிய கோடுகள்கூட மையில் மூழ்காமல் தெளிவாக விழுந்திருக்கின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அமிலம் தொடாத மையால் துத்தநாகத் தகட்டில் வரைந்து, எஞ்சிய பரப்பை அமிலத்துக்குத் தின்னக் கொடுத்தால் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். ஆகவே அத்தகட்டை ஈய எழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி, ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். பொசாதா கையாண்ட முறைகளில் இதுவும் ஒன்று. மெக்சிகோ நகரில் அந்தோனியோ வனேகாஸ் அரோயோவின் அச்சகம் கல்லறைத் திருநாளை ஒட்டி மலிவுத் தாளில் வெளியிட்ட கலவேராக்களில் படமும், உயிரோடிருப்பவர்களையே செத்தவர்களாக்கிக் கேலி செய்யும் பாட்டும் பிரியாமல் வந்தது இப்படித்தான். இத்தொகுப்போ பாட்டுகளை வெட்டியெறிந்துவிட்டுப் படங்களை மட்டும் தருகிறது.

இழப்பு எங்கே உறைக்கிறது என்றால், தீக்கோழி இறகும் பூவும் குவிந்த தொப்பியணிந்த, இன்று ‘கத்ரினா’ என அறியப்படும் பெண் மண்டையோட்டில்தான். தங்கள் பூர்வகுடி இரத்தத்தை மறைத்து ஐரோப்பிய நாகரிகத்தைப் பாவித்தவர்களை நையாண்டி செய்யப் பிறந்தவள் அவள்; பாட்டு போனபின் தொப்பிதான் மிஞ்சுகிறது. அவளுக்கு முழு உடலும் நீண்ட அங்கியும் கொடுத்தவர், அவளை வைத்துத் தீட்டிய சுவரோவியத்தை 1947-இல் முடித்த மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா. தொகுப்போடு வரும் குறிப்பேடு அந்த உடலையும் அங்கியையும் பொசாதாவின் கணக்கிலேயே எழுதிவிட்டது.

சிலந்தி உடல் கொண்ட மண்டையோட்டின் கீழே, பொசாதா மெக்சிகோவின் இராணுவத் தளபதி வுயெர்த்தாவின் ஆட்சியைத் தாக்கி வரைந்தது என்றொரு குறிப்பு. வுயெர்த்தா ஆட்சியைக் கைப்பற்றியது 1913 பிப்ரவரியில்; பொசாதா இறந்தது அதே ஆண்டு ஜனவரியில். பதிப்பாசிரியர் நாட்காட்டியையாவது புரட்டியிருக்கலாம்.

சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்புவோர் தயங்காமல் வாங்கலாம். நையாண்டியைத் தேடுவோர், பாட்டும் தலைப்பும் உள்ளபடியே முழுத்தாளையும் படியெடுத்த பதிப்பு கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.