ஃப்ரீமாண்ட்ல ட்ராமா சீன் க்ளீனிங் ஆள் கூப்பிட்டோம்: 5க்கு 4

ட்ராமா சீன் க்ளீனிங்னா சாவு, ரத்தம்னு ஆன எடத்தை சுத்தம் பண்ற வேலை. இந்த மாதிரி சர்வீஸுக்கெல்லாம் ரிவ்யூ எழுதுவேன்னு நெனச்சதே இல்ல, ஆனா எங்களுக்கு அவசரமா வேணும்னு தேடறப்போ தமிழ்ல உருப்படியா ஒண்ணும் கண்ணுல படல, அதான். எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா கலிஃபோர்னியால ஃப்ரீமாண்ட்ல ஒரு காண்டோல (சொந்த அபார்ட்மெண்ட்) தனியா இருந்தார், ஹார்ட் அட்டாக், பெட்ரூம்லயே போயிட்டார். லாங் வீக்கெண்ட்ங்கறதால யாரும் கவனிக்கல, வெயில் காலம் வேற, கடைசில பக்கத்து வீட்டுக்காரங்க நாத்தம் வருதுன்னு போலீஸுக்கு போன் பண்ணித்தான் தெரிஞ்சுது.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், கரோனர் (சாவுக்குக் காரணம் என்னன்னு விசாரிக்கற அதிகாரி) ஆளுங்க (ஃப்ரீமாண்ட் இருக்கற அலமீடா கவுண்டில ஷெரிஃப் ஆபீஸ்தான் கரோனர் வேலையும் பாக்குது) பாடிய எடுத்துட்டுப் போவாங்க, அவ்ளோதான். ரூம் அப்படியேதான் கெடக்கும். அதை சுத்தம் பண்றது நம்ம பொறுப்பு.

கோயம்புத்தூர்ல இருக்கற சித்தப்பாவோட பொண்ணு, "அண்ணி, எதுக்கு இவ்ளோ செலவு, ஆள் வெச்சு பினாயில் ஊத்திக் கழுவிட முடியாதா"ன்னு கேட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம ஊர்ல தரை மொசைக்கு, டைல்ஸு, தண்ணி ஊத்தித் தேய்ச்சா வெளிய ஓடிடும். இங்க மேல கார்பெட், அதுக்கு அடியில ஸ்பாஞ்ச் மாதிரி பேட், அதுக்கும் அடியில ப்ளைவுட், அதுக்கும் கீழ இன்னொருத்தர் வீட்டு சீலிங். தண்ணி ஊத்தினா எல்லாம் இன்னும் கீழதான் எறங்கும். நீங்க காசு குடுக்கறது துடைக்கறதுக்கு இல்லைங்க, அது எதுவரைக்கும் எறங்கியிருக்குன்னு சரியா கண்டுபிடிக்கறதுக்கு. நான் ஆளை எடை போட்டதும் அதை வெச்சுதான்.

மொதல்ல போன் பண்ண ஒரு கம்பெனி, வீட்டைப் பாக்கவே இல்ல, "இன்ஷூரன்ஸ் எல்லாம் பாத்துக்கும், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு ஒரு ஃபார்ம் அனுப்பினாங்க. தொகை போடற எடம் காலியா இருந்துது. க்ளெய்ம் பணம் நேரா அவங்களுக்குப் போயிடணும், இன்ஷூரன்ஸ் குடுக்காத மிச்சத்தை நாங்க கட்டணும்னு உள்ள பொடி எழுத்துல இருந்துது. துக்கத்துல இருக்கறவன் எங்க படிக்கப் போறான்னு ஒரு தைரியம். வேண்டாம்னு சொல்லிட்டோம்.

அப்புறம் மாநில பப்ளிக் ஹெல்த் டிபார்ட்மெண்ட் லிஸ்ட்லேந்து ஒரு சின்ன கம்பெனியப் புடிச்சோம். கலிஃபோர்னியால இந்த வேலை செய்யறவங்க அங்க பதிவு பண்ணியிருக்கணும், இது சட்டம், பல மாநிலத்துல இப்படி ஒரு பதிவே கெடையாது, அதனால வேற ஸ்டேட்ல இருக்கறவங்க இன்னும் கொஞ்சம் நோண்டிக் கேக்கணும். ஆளுங்களுக்கு ரத்தத்தால பரவற நோய் பத்தின ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்களா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஏற்பாடு பண்ணீங்களான்னு கேளுங்க, 1991லேந்தே ஓஷா (வேலை செய்யறவங்க பாதுகாப்பைப் பாக்கற அரசு அமைப்பு) ரூல்ல இருக்கறதுதான். தடுமாறினாங்கன்னா போனை வெச்சுடுங்க.

வந்த வண்டில பேரு, லோகோ ஒண்ணும் இல்ல, சாதா வெள்ளை வேன். சூட்டு, மாஸ்க் எல்லாம் வீட்டுக்குள்ள வந்துதான் போட்டுக்கிட்டாங்க. அக்கம்பக்கத்துல கதை கெளம்பாம இருந்துது, இதுக்கே ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

டீம் லீட் ஒரு அம்மா, அதிகம் பேசல. மொதல்ல ரூம் வாசல்ல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, உள் காத்தை ஃபில்டர் வழியா இழுக்கற மெஷின் ஒண்ணை வெச்சாங்க. அப்புறம் கட்டில் பக்கம் கார்பெட்டைக் கத்தில கீறி ஓரத்தைத் தூக்கிக் காட்டினாங்க (நான் போகல, எங்க வீட்டுக்காரர்தான் நின்னார், எனக்கு போட்டோல பாத்ததே போதும்). மேல கறை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான், பேட்டைப் புரட்டினா அது ரெண்டு பங்கு, சுவத்தோரம் கார்பெட்டை மாட்டற ஆணிக்கட்டை வரைக்கும் ஓடியிருக்கு. ப்ளைவுட்ல மார்க்கர்ல கோடு போட்டு, டேப் வெச்சு அளந்து, போட்டோ எடுத்து, "இதுவரைக்கும் வெட்டறோம், இந்தப் பக்கம் நல்லா இருக்கு, தொட வேண்டாம்"னு சொல்லி, அளவையும் தொகையையும் எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்கின பிறகுதான் ரம்பத்தையே எடுத்தாங்க. வெட்ட வேண்டாம்னு சொல்ற ஆளை நான் நம்புவேன்.

வெட்டினது, மெத்தை எல்லாம் செவப்புப் பைல கட்டி பெட்டில போட்டு எடுத்துட்டுப் போனாங்க. சாதா குப்பைல போடக் கூடாது, பெர்மிட் இருக்கற எடத்துக்குத்தான் போகணும், அங்க போய்ச் சேர்ந்ததுக்கான பேப்பரோட காப்பி கேட்டு வாங்கிக்கங்க. கிருமிநாசினி அடிச்சதும் துடைக்கல, டப்பால போட்டிருக்கற நேரம் முழுக்க ஈரமா விட்டாங்க. கடைசில குச்சியால தடவி ஏடிபி மெஷின்ல நம்பர் காட்டினாங்க. அது கிருமி இருக்கா இல்லையான்னு சொல்லாது, உடம்புக் கழிவு மாதிரி அழுக்கு மிச்சம் இருக்கான்னுதான் சொல்லும், அதை அந்த அம்மாவே சொன்னாங்க. நாத்தம் போக ஹைட்ராக்ஸில் மெஷின்னு ஒண்ணை ஓடவிட்டாங்க. ஓசோன் போடறேன்னு யாராவது சொன்னா, ஓடறப்போ மனுஷங்க, நாய் பூனை, செடி எதுவும் உள்ள இருக்கக் கூடாதுன்னு ஞாபகம் வெச்சுக்கங்க. எந்த மெஷினா இருந்தாலும் ஊறின கட்டை உள்ள இருக்கறவரைக்கும் நாத்தம் திரும்பி வரும்.

ஹால்ல சாமி அலமாரி இருந்துது. அதைத் தொடறதுக்கு முன்னாடி, நீங்க எடுக்கறீங்களா நாங்க எடுக்கட்டுமான்னு கேட்டாங்க. பாஸ்போர்ட், பேங்க் பேப்பர், ஃபோட்டோ எல்லாம் தனிப் பைல லிஸ்டோட வந்துது. அவரோட பஞ்சாங்கமும் அதுல இருந்துது, லிஸ்ட்ல "பழைய காலண்டர்"னு எழுதியிருந்தாங்க.

பில் 5,000 டாலருக்கு மேல. காண்டோ இன்ஷூரன்ஸ் பாலிசில டிடக்டிபிள் (நம்ம கையிலேந்து கட்ட வேண்டிய பங்கு) போக மிச்சம் வந்துது, ஆனா பாலிசிக்கு பாலிசி மாறும், வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே க்ளெய்ம் நம்பர் வாங்கிடுங்க. காண்டோன்னா ஹெச்ஓஏவுக்கும் (வீட்டுச் சொந்தக்காரங்க சங்கம்) சொல்லணும், கீழ் வீட்டு சீலிங், நடுவுல இருக்கற கட்டை எல்லாம் யார் கணக்குன்னு பின்னாடி பெரிய பஞ்சாயத்து ஆகும் (எங்களுக்கு ஆகிட்டு இருக்கு). கொலை மாதிரி குற்றம் நடந்த எடம்னா மாநிலத்தோட விக்டிம் காம்பன்சேஷன் போர்டு (குற்றத்தால பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவற அமைப்பு) க்ளீனிங்குக்கு ஒரு அளவுவரைக்கும் குடுக்கும், எங்க கேஸுக்கு அது பொருந்தாது.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னா, அவங்க ஆபீஸ்ல இருக்கற பையன். டக்ட் (ஏசி, ஹீட்டர் காத்து வர்ற குழாய்) க்ளீனிங் சேர்த்துக்கங்கன்னு விடாம போன், லீட் அம்மாவே அது தேவையில்லைன்னு சொன்னதுக்கு அப்புறமும். கம்பெனி பேர் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, பொதுவுல போடறதுல எங்க வீட்டுக்காரருக்கு இஷ்டமில்ல.

இன்னொண்ணு, இவங்க வெட்டுவாங்க, திரும்பப் போட மாட்டாங்க. பெட்ரூம் தரைல இன்னும் பெரிய ஓட்டை இருக்கு, தற்காலிகமா பலகை போட்டு மூடியிருக்கோம். ஃப்ரீமாண்ட், நியூவார்க் பக்கம் சின்ன வேலைன்னாலும் வர்ற நல்ல கான்ட்ராக்டர் யாராவது இருந்தா சொல்லுங்க.