ஐந்தாம் ஆண்டு முதல் பணி நிறைவு வரை: நீண்ட காலப் பணியாளருக்கு எதைப் பரிசாகக் கொடுக்கலாம்?

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளில் தொடங்கி நகரத்தின் பெரிய மருத்துவமனைகள், புறநகரின் நூற்பாலைகள் வரை, மதுரை வட்டாரத்தில் பல நிறுவனங்கள் ஆயுத பூஜை நாளிலோ நிறுவன நாளிலோ நீண்ட காலம் பணியாற்றியவர்களை மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கின்றன. அந்த வழக்கம் நல்லது, தொடரவும் வேண்டும். ஆனால் எதைக் கொடுப்பது என்ற முடிவு பெரும்பாலும் விழா நெருங்கிய பிறகே எடுக்கப்படுகிறது. கடையில் இருப்பு உள்ள பொருளே பரிசாகிவிடுகிறது. ஐந்து ஆண்டு முடித்தவருக்கும் இருபத்தைந்து ஆண்டு முடித்தவருக்கும் ஒரே பொருளின் சிறிய அளவும் பெரிய அளவும் போய்ச் சேர்வது இதனால்தான்.

வழக்கத்தில் உள்ள பரிசுகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். பெறுபவர் செய்யும் வேலைக்கும் அவர் வீட்டுக்கும் அது பொருந்துகிறதா, அவசரத்துக்குக் கைகொடுக்குமா, இந்த ஆண்டு பெறுபவருக்கும் பத்து ஆண்டுக்குப் பின் அதே இடத்தில் நின்று பெறுபவருக்கும் மதிப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்குமா என்பவையே நான் கொள்ளும் அளவுகோல்கள். மூன்றாவதைத்தான் நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன, தொழிலாளர்கள் மறப்பதில்லை.

முதலில் பொன்னாடையும் கேடயமும். செலவு குறைவு, வாங்குவது எளிது, படத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் பாலியெஸ்டர் சரிகைப் பொன்னாடையை யாரும் உடுத்துவதில்லை. அலமாரியில் மடித்து வைக்கப்பட்டு, அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்குப் போகிறது. அதே மரியாதையைச் சுங்குடிச் சேலையால் செய்யலாம். மதுரைச் சுங்குடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகக் காத்துவரும் கைத்தொழில் அது. துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய சேலைக்கும், அதே புள்ளிகளை அச்சில் பதித்த சேலைக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. கொடுப்பதென்றால் முடிச்சிட்டதையே கொடுக்க வேண்டும். பெண் பணியாளர் தாமே உடுத்துவார். ஆண் பணியாளரின் வீட்டில் மனைவியோ தாயோ உடுத்துவார். பருத்தி என்பதால் மதுரை வெயிலுக்கும் ஏற்றது. கேடயத்தைப் பொறுத்தவரை, அக்ரிலிக் துண்டில் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும் பணியாளரின் பெயர் சிறிதாகவும் இருக்குமானால் அதைத் தவிர்ப்பதே நல்லது. அதைவிட, தஞ்சாவூர்க் கலைத்தட்டு ஒன்றோ, அவர் எந்தப் பிரிவில் எந்த வேலையை எப்படிச் செய்தார் என்று மேலாளர் தெளிவான தமிழில் எழுதிக் கையொப்பமிட்ட பாராட்டு மடல் ஒன்றோ மேல். மடலுக்குச் செலவே இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதால்தான் அது அரிதாகக் கிடைக்கிறது.

அடுத்தது கைக்கடிகாரம். ஒரு காலத்தில் எச்.எம்.டி.யும் பிறகு ஓசூரின் டைட்டனும் பணிப் பரிசுக்கு மறுபெயராகவே இருந்தன. அலுவலக எழுத்தர், விற்பனைப் பிரதிநிதி, ஆசிரியர் போன்றோருக்கு இன்றும் அது பொருத்தமான பரிசுதான். நூற்பாலையில் சுழலும் இயந்திரத்தருகே நிற்பவருக்கு அப்படி இல்லை. அங்கே கடிகாரம், காப்பு, மோதிரம் எதையும் அணியக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அறுவை அரங்கின் செவிலியரும் கை கழுவும் முன் கடிகாரத்தைக் கழற்றிவிடுகிறார். வேலை நேரம் முழுவதும் அணிய முடியாத பொருளை வேலைக்கான பரிசாகக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நிறுவனச் சின்னத்தை முகப்பில் அச்சிடாமல், பெயரையும் ஆண்டையும் பின்மூடியில் பொறிக்கச் சொல்லலாம். அப்போது அவர் அதைக் கல்யாண வீட்டுக்கும் கட்டிக்கொண்டு போவார்.

ஐந்தாம் ஆண்டுக்குப் பெரும்பாலும் போட்டியிடுபவை வீட்டு உபயோகப் பொருள், கடைக் கூப்பன், ரொக்கம் என்னும் மூன்றும்தான். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றைத் தமிழக அரசே 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டது. பல வீடுகளில் இரண்டாவது மிக்சி பிரிக்காமலே பெட்டியில் இருக்கிறது. எனவே ஒரே பொருளை எல்லோருக்கும் வாங்குவதைவிட, ஏறத்தாழ ஒரே விலையில் நான்கைந்து பொருள்களைக் குறிப்பிட்டு, எது வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கேட்பது மேல். கனமான எவர்சில்வர் பாத்திரம், நல்ல பிரஷர் குக்கர், பள்ளி செல்லும் பிள்ளைக்கு மேசை நாற்காலி என்று அவரவர் தேவை வெவ்வேறாக இருக்கும். கூப்பனில் இந்தத் தெரிவு உண்டு; ஆனால் காலாவதித் தேதியும் உண்டு. இணையக் கடையின் கூப்பனைவிட, வீட்டுக்கு அருகிலுள்ள துணிக்கடை அல்லது பல்பொருள் அங்காடியின் கூப்பன் திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பேருந்தில் வேலைக்கு வருபவருக்கு உண்மையில் பயன்படும்.

ரொக்கத்தைக் குறைத்துப் பேசுவோர் பலர். சம்பளம் குறைவாக உள்ள இடத்தில் ரொக்கமே மிகுந்த மரியாதை என்று நான் கருதுகிறேன். எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமையை அது பெறுபவரிடமே விடுகிறது. அதன் குறை வேறு: சம்பளக் கணக்கிலேயே வரவு வைத்தால் மாதத் தவணையோடு கரைந்துவிடும், எந்த ஆண்டுக்காக வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. வரிக் கணக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. வருமான வரி விதிகளின்படி, முதலாளி ஓராண்டில் கொடுக்கும் பொருள் பரிசுகளின் மொத்த மதிப்பு ஒரு வரம்புக்குள் இருந்தால் அது ஊழியரின் வருமானத்தில் சேராது; 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1962-ஆம் ஆண்டு விதிகளில் அந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. ரொக்கத்துக்கு இந்தச் சலுகை இல்லை. வரம்புகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் நிலையை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். நிறுவனத்தின் பக்கத்தில், ஓர் ஊழியருக்கு ஓராண்டில் 50,000 ரூபாய் வரையான பரிசு ஜி.எஸ்.டி. சட்டத்தில் வரிக்குரிய வழங்கலாகக் கருதப்படாது. அதே வேளையில், பரிசுப் பொருளுக்குச் செலுத்திய வரிக்கு உள்ளீட்டு வரவும் எடுக்க முடியாது, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது.

ஐந்தாம் ஆண்டில் பரிசோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து ஆண்டுத் தொடர் பணியைத்தான் கிராஜுவிட்டி பெறுவதற்கான வரம்பாக வைத்தது. கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குவது கணக்கு. 20,000 ரூபாய் சம்பளத்தில் 25 ஆண்டு பணியாற்றியவருக்கு அது 2,88,461 ரூபாய் ஆகிறது. இந்த வரம்பை எட்டிவிட்டீர்கள், உங்கள் பணி தொடங்கிய நாளாக எங்கள் பதிவேட்டில் இருப்பது இது என்று எழுத்தில் கொடுத்தால், மேடையில் கிடைக்கும் எந்தப் பொருளைவிடவும் அது மதிப்புடையது. பணிக்கொடை என்பது சட்டம் தரும் உரிமை; பாராட்டுப் பரிசு என்பது நிர்வாகம் தன் விருப்பத்தில் தருவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைக்கும் பேச்சுக்கு விழா மேடையில் இடம் கொடுக்கக் கூடாது.

பத்தாம் ஆண்டுக்கு வெள்ளி என்பது என் தெரிவு. பித்தளைக் குத்துவிளக்கும் வெள்ளி டம்ளரும் இந்த இடத்தில் போட்டியிடும். நாச்சியார்கோவில் விளக்கு அழகானது, தலைமுறை தாண்டி நிற்பது. ஆனால் பணியாளர்களில் கிறித்தவரும் இசுலாமியரும் இருப்பார்கள் என்பதை நிர்வாகம் எண்ணிப் பார்க்க வேண்டும். இலட்சுமி உருவம் பொறித்த வெள்ளி நாணயத்துக்கும் இதே தடை உண்டு. வேலைப்பாடு இல்லாத வெள்ளி டம்ளரோ கிண்ணமோ எந்த வீட்டுக்கும் பொருந்தும். பேரக் குழந்தைக்குப் பால் புகட்டவும் உதவும், கை இறுகும் காலத்தில் விற்கவும் உதவும். வெள்ளிக்குத் தனி அடையாள எண்ணோடு கூடிய பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) தூய்மை முத்திரை 2025 செப்டம்பர் முதல் விருப்ப முறையில் நடைமுறைக்கு வந்துள்ளது. கட்டாயம் இல்லை என்பதாலேயே வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டும்.

பதினைந்தாம், இருபதாம் ஆண்டுகளுக்கு மேலும் ஒரு பொருளைத் தேடி அலைய வேண்டாம். கணவன் மனைவி இருவருக்கும் முழு உடல் பரிசோதனையும், சம்பளத்தோடு சில நாள் கூடுதல் விடுப்பும் போதும். ஒரு நிபந்தனை: பஞ்சுத் தூசியில் வேலை செய்பவரின் நுரையீரலைப் பரிசோதிப்பது போன்ற கடமைகளைப் பரிசாகக் கணக்கு வைக்கக் கூடாது.

இருபத்தைந்தாம் ஆண்டுதான் உண்மையில் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். தங்கம் என்பதில் இந்த வட்டாரத்தில் கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படி எழுதி வைப்பது என்பதில்தான் வேறுபாடு. ரூபாயில் எழுதுவதா, கிராமில் எழுதுவதா? 2000-ஆம் ஆண்டில் ஒரு பவுன், அதாவது 8 கிராம், ஆபரணத் தங்கம் 4,000 ரூபாய்க்கும் குறைவு. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. வெள்ளி விழாப் பணியாளருக்கு 4,000 ரூபாய்க்குத் தங்கம் என்று 2000-இல் தீர்மானம் எழுதி, அதைத் திருத்தாமலே விட்ட ஒரு நிர்வாகத்தை எண்ணிப் பாருங்கள். அன்று பெற்றவருக்கு ஒரு பவுன் கிடைத்திருக்கும். அவருக்குக் கீழ் வேலை பழகி, கால் நூற்றாண்டுக்குப் பின் அதே மேடையில் ஏறுபவருக்கு அரைக் கிராம்கூடத் தேறாது. இருவரும் ஒரே தெருவில் வசிப்பவர்களாக இருந்தால் இது ஒரே நாளில் தெரிந்துவிடும். மறுபுறம், ஒரு பவுன் என்று கிராமில் எழுதிய நிர்வாகத்தின் செலவு இருபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். பத்துப் பேர் ஒரே ஆண்டில் தகுதி பெற்றால் சிறு பட்டறையால் தாங்க முடியாது.

ஆகவே எடையை அடக்கமாக வைத்து, கிராமிலேயே எழுத வேண்டும் என்பது என் முடிவு. இரண்டு கிராம் என்று எழுதி அதை என்றும் குறைக்காமல் இருப்பது, ஒரு பவுன் என்று எழுதிவிட்டுச் சில ஆண்டுகளில் கைவிடுவதைவிடப் பன்மடங்கு நேர்மையானது. யார் எந்த ஆண்டில் இருபத்தைந்தை எட்டுவார் என்பது வருகைப் பதிவேட்டிலேயே தெரியும். எனவே அடுத்த ஐந்து ஆண்டுக்கான மொத்தத் தேவையைக் கணக்கிட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஐந்தில் ஒரு பங்கை நாணயமாகவோ கோல்டு இ.டி.எஃப். (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) அலகாகவோ வாங்கி வைத்தால், விலை திடீரென ஏறும் ஆண்டில் யாருடைய பங்கும் குறையாது.

நாணயமா, மோதிரமா என்பது அடுத்த கேள்வி. நாணயத்துக்குச் செய்கூலி, சேதாரம் குறைவு. விரல் அளவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மகள் படிப்புக்கோ மருத்துவச் செலவுக்கோ அடகு வைக்கப் போகும்போது நகைக்குத்தான் எளிதில் கடன் கிடைக்கும். நாணயத்துக்கு வங்கிகளில் கட்டுப்பாடு அதிகம். அடகு வைப்பது நம் குடும்பங்களின் பொருளாதாரத்தில் இயல்பான ஒன்று. அதை மனத்தில் கொண்டு பரிசைத் தெரிவு செய்வதில் எந்தக் குறைவும் இல்லை. எனவே செய்கூலி கொஞ்சம் கூடினாலும் நான் மோதிரத்தையோ பெண்களுக்குத் தோட்டையோ பரிந்துரைப்பேன். தெற்காவணி மூல வீதிக் கடைகளில் மொத்தமாகச் சொன்னால் செய்கூலியில் பேசிக் குறைக்க இடம் உண்டு. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் பி.ஐ.எஸ். முத்திரையோடு இடப்படும் தனி அடையாள எண்) இல்லாத தங்க நகையை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. எடையை 2 கிராமுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதற்கு இது மற்றொரு காரணம். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்து, கடை ரசீதின் நகலையும் பணியாளரிடமே கொடுத்துவிட வேண்டும்; ரசீது இல்லாமல் விற்கப் போனால் அவர் கேள்விக்கு ஆளாவார்.

எந்த நாளில் கொடுப்பது என்பதும் பரிசின் பகுதியே. தீபாவளி போனசோடு சேர்த்துக் கொடுத்தால், எது சட்டப்படி வந்தது, எது பாராட்டாக வந்தது என்பது கலங்கிவிடும். ஆயுத பூஜையில் தொழிற்கூடம் முழுவதும் கூடியிருக்கும், குடும்பத்தாரும் வருவார்கள். ஆனால் அன்று இரவுப் பணி முடித்து உறங்கப் போனவரின் பெயரை மேடையில் வாசித்துவிட்டு, பொருளை மறுநாள் நேர அலுவலகச் சன்னலில் கையொப்பம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. அவருடைய ஷிப்ட் தொடங்கும் வேளையில் அவர் பிரிவிலேயே, உடன் வேலை செய்பவர்கள் முன்னிலையில் கொடுக்க வேண்டும். மகப்பேறு விடுப்பையும், வேலையில் அடிபட்டுப் படுத்திருந்த மாதங்களையும் கழிக்காமல் ஆண்டுகளை எண்ண வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்க, அதே வாயிலில் அதே வேலையைப் பதினைந்து ஆண்டு செய்துவரும் துப்புரவுப் பணியாளரையும் காவலாளியையும் எந்தப் பட்டியலிலும் காண முடிவதில்லை. வெள்ளி டம்ளர் அவர்களுக்கும் உரியது. அதைக் கொடுக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

பணி நிறைவு இவற்றிலிருந்து வேறானது. அங்கே புதிய பொருள் எதுவும் பெரிதாகத் தேவைப்படாது. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றின் தாள்கள் முழுமையாக நிரப்பப்பட்டு, பணிக்கொடைக் காசோலை அன்றே கையில் கிடைப்பதுதான் முதல் மரியாதை. அதன்பின் மாலை, சுங்குடி, குடும்பத்தோடு நிறுவன வண்டியில் வீடு வரை கொண்டுபோய் விடுதல் ஆகிய மூன்றும் இருக்கட்டும். கேடயத்துக்கு ஒதுக்கிய தொகை மிஞ்சுமானால், அவர் பிரிவில் உடன் வேலை செய்த எல்லோரும் நிற்கும் பெரிய நிழற்படம் ஒன்றை, ஒவ்வொருவரின் பெயரும் கீழே எழுதி, சட்டமிட்டுக் கொடுக்கலாம்.